எருக்குழிக்குப் போகாத சோறு

போன மாதம் எங்கள் அடுக்ககத்தில் வீட்டுக் குப்பையைக் குறைப்பது பற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தோம் என்று, வயதில் மூத்தவன் என்ற முறையில் என்னைப் பேசச் சொன்னார்கள். சிங்காநல்லூரில் மில் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் நான் வளர்ந்த கதையைச் சொன்னேன். பன்னிரண்டு வீடுகள், குப்பைத்தொட்டி ஒன்றுகூடக் கிடையாது என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பெண் எழுந்து, "உங்கள மாதிரி வளந்தவங்ககிட்டதான் நாங்க கத்துக்கணுங்க அங்கிள்" என்றார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கைதட்டல் உறுத்திக்கொண்டே இருந்தது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

குப்பைத்தொட்டி இல்லாததற்குக் காரணம் எங்கள் ஒழுக்கமல்ல; பெரியம்மாவின் எருமை. பெரியம்மா என் அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. கணவர் இறந்த பிறகு எங்கள் வீட்டிலேயே இருந்தார். வரும்போதே ஓர் எருமையைப் பிடித்துக்கொண்டு வந்ததால், யாருக்கும் பாரமில்லை என்ற நிமிர்வு அவருக்கு உண்டு. லைனில் தேங்காய் நாரும் சாம்பலும் பாத்திரம் துலக்கப் போகும். காகிதமும் கொட்டாங்குச்சியும் வெந்நீர் அடுப்புக்குப் போகும். மிச்சமெல்லாம் எருமைக்கு. ஒவ்வொரு வீட்டின் பின்வாசலிலும் ஒரு கழனிப் பானை இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், வடிகஞ்சி, காய்த்தோல் எல்லாம் அதில் விழும். சாயங்காலம் நான் வாளியோடு போய் அவற்றைச் சேகரித்து, எங்கள் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் இருந்த கல்தொட்டியில் ஊற்ற வேண்டும். ஊற்றும் முன் பெரியம்மா கையை விட்டுத் துழாவுவார். ஒரு பிடிக்கு மேல் சோறு அகப்பட்டால் அள்ளிக் கோழிக்கு வீசிவிடுவார்.

"மாட்டு வவுறு சோத்துக்கு ஆவாது கண்ணு. உள்ள போயிப் புளிச்சுதுன்னா வீங்கிப்போயிரும்" என்பார்.

ஆகவே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது கடைசி வீட்டுக்குக் கொடுமுடிப் பக்கமிருந்து புதிதாக ஒரு தம்பதி குடிவந்தார்கள். அந்த அக்கா தன் நாத்தனாரின் நிச்சயதார்த்தத்தை அந்தச் சின்ன வீட்டிலேயே நடத்தினார். மழை பிடித்துக்கொண்டது, பாதி உறவு வந்து சேரவில்லை, சோறு மீந்தது. லைன் முழுக்கக் கொடுத்தனுப்பினார். எங்களுக்கும் ஒரு குண்டா நிறைய வந்தது. அப்படியும் மீந்தது மறுநாள் காலையில் நூல்விட்டுப் போயிற்று.

அக்கா அதை இரண்டு வாளிகளில் நிரப்பி என்னைக் கூப்பிட்டார். வாய்க்காலுக்கு அந்தப்புறத் தோட்டத்தில் ஓர் எருக்குழி இருந்தது.

"அதுல கொட்டி மேல மண்ணத் தள்ளிட்டு வந்துரு கண்ணு. மாட்டுத் தொட்டிப் பக்கம் மட்டும் போயிராதே. உங்க பெரியம்மா பாத்தா என்ற தோல உரிச்சுப்போடுவாங்க."

முந்தின நாள் மழையில் ஏரி மதகில் மீன் துள்ளுகிறதென்று பையன்கள் துண்டோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எருக்குழிக்கு இரண்டு நடை நடக்க வேண்டும். பொடக்காளியோ பக்கத்தில். பெரியம்மா பால் ஊற்றப் போயிருந்தார். அம்மா முன்வாசலில் வேலையாக இருந்தார். இரண்டு வாளிச் சோற்றையும் தொட்டியில் கவிழ்த்தேன். எருமை ஆவலாகத் தின்றது. உணவு வீணாகாமல் ஒரு வாயில்லாச் சீவனுக்குப் போயிற்று என்று பிற்காலத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. உண்மை அதுவல்ல. எனக்கு மீன் பிடிக்கப் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மதியத்துக்கு மேல் திரும்பி வந்தால், பொடக்காளியில் லைனே கூடியிருந்தது. எருமையின் இடதுபக்க வயிறு தவில் போல உப்பியிருந்தது. அசை போடாமல், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு படுத்திருந்தது. மாட்டு டாக்டரைக் கூட்டிவர ஆள் போயிருந்தது. பெரியம்மா தொட்டியடியில் ஒட்டியிருந்த பருக்கைகளைச் சுரண்டிக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"நேத்து வந்த சோத்துல மீந்தத நீதான கொட்டிப்போட்டே?"

"சத்தியமா நானில்லீங்கக்கா. அது ராத்திரியே தீந்துபோச்சுங்க."

"பின்ன, சோத்துக்குக் காலு மொளச்சு நடந்து வந்துச்சா? நா இங்க உக்காந்து திங்கறது உனக்கு உறுத்துது. வாயத் தொறந்து சொன்னா நாளைக்கே போயிர்றேன். இந்தச் சீவன் உனக்கு என்ன பண்ணுச்சு?"

அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அக்காளும் தங்கையும் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. டின்னில் நான்கு கெண்டைக் குஞ்சுகளோடு அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பாவின் பெல்ட் ஞாபகத்துக்கு வந்தது. சொல்லவில்லை.

கடைசி வீட்டு அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பருக்கைகளைப் பார்த்தார். சேறு காயாத என் கால்களைப் பார்த்தார். பிறகு பெரியம்மாவிடம் போனார்.

"ஏனுங்க பெரியம்மா, அவங்களப் பேசாதீங்க. நாந்தானுங்க கொட்டிப்போட்டேன். ஆவாதுன்னு தெரியாமப் போச்சுங்க."

டாக்டர் வந்து, குழாய் விட்டு மருந்து ஊற்றினார். மூன்றாம் நாள் எருமை எழுந்து நின்றது. ஆனால் பால் வற்றிவிட்டது. அடுத்த ஈற்று வரை பெரியம்மா எங்கள் கையை எதிர்பார்த்திருக்க வேண்டியதாயிற்று. தங்கையைப் பேசியதற்கு அவர் அன்று மாலையே அழுது தீர்த்து, அம்மாவுக்குத் தன் கையால் சோறு பிசைந்து கொடுத்தார். கடைசி வீட்டுக்கு மட்டும் மன்னிப்பில்லை. "அவ ஊட்டுக் கழனி இனி எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு பன்னிரண்டு வீடுகளில் ஒரு வீட்டில் மட்டும் குப்பை என்று ஒன்று சேர்ந்தது. தினமும் சாயங்காலம் அக்கா அதை வாளியில் தூக்கிக்கொண்டு, எங்கள் வாசல் வழியாக, வாய்க்கால் தாண்டி நடந்தார். குழாயடிப் பெண்கள் சும்மா விடவில்லை.

"ஏனம்மணி, இன்னைக்கும் விருந்துச் சோறா?"

"இல்லீங்க, வெறும் வாழக்காத் தோலுதானுங்க. சந்தேகம்னா கைய உட்டுப் பாருங்க."

என்றைக்காவது சொல்லிவிடுவாரோ என்று அவரைக் கண்டால் ஒளிந்துகொள்வேன். ஒரு நாள், அன்பினால் அல்ல, பயத்தினால் ஓடிப்போய், "நாங் கொண்டுபோறனுங்கக்கா" என்று வாளியைப் பிடித்தேன்.

"உன்ற கையில குடுத்தா அது எங்க போயிச் சேரும்னு எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். "உடு கண்ணு, கனமா இருக்குது. முட்டியில இடிச்சுக்குவே."

அந்த விஷயத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். வெட்கப்பட்டிருக்க வேண்டிய எனக்கு நிம்மதிதான் வந்தது. பயத்தில் பெரியவர்களுக்கும் வாய் உளறும்போலிருக்கிறது, இந்த அக்காவுக்குத் தப்பிக்கத் தெரியவில்லை என்று அவரைப் பற்றிச் சற்று இளப்பமாகக்கூட நினைத்தேன்.

அம்மாவும் பெரியம்மாவும் அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். கடைசிக் காலத்தில் பெரியம்மாவின் வாயில் கஞ்சி ஊற்றியது அம்மாதான். அந்த வருடங்கள் எல்லாமே கடைசி வீட்டு அக்கா எங்களுக்குக் கொடுத்தவை. இதை நான் அம்மாவிடமும் சொல்லவில்லை, பெரியம்மாவிடமும் சொல்லவில்லை. இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அக்காவின் கணவருக்குச் சூலூர்ப் பக்கம் வேறு வேலை கிடைத்து, மறு வருடமே அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். சாமான் ஏற்றிய வண்டி நிற்க, அக்கா வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டார். பெரியம்மா உள்ளிருந்தபடியே, "ம், போயிட்டு வா" என்றார். வாசலில் நின்ற என் தலையைக் கலைத்துவிட்டு, "வாரேங் கண்ணு" என்று அக்கா வண்டியேறினார்.

வண்டி திரும்பியதும், உண்மை தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார், இனி பயமில்லை என்று விளையாட ஓடினேன். நான் செய்தது இன்னதென்று முழுக்கத் தெரிந்தும் என்னைப் பார்த்து முகம் மாறாத ஒருவர் போகிறார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.