என் குரல் கேட்டால் குடம் தூக்குகிற மலை

சேர்வராயன் மலையில் என் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. முகம்தான் பாதிப் பேருக்குத் தெரியாது. "நாளைக்குக் காலையிலிருந்து கரண்ட் இருக்காதுங்க", "மாட்டு டாக்டர் வர்றாருங்க, மாடு கன்னெல்லாம் ஓட்டிக்கிட்டு வாங்க", "ரெண்டு நாளைக்குத் தண்ணி வராதுங்க, புடிச்சு வெச்சுக்கங்க" என்று ஸ்பீக்கர் கட்டின ஆட்டோ ஒன்று வெள்ளக்கடை, கரடியூர் என்று ஊர் ஊராகப் போகுமே, அதை ஓட்டுவது என் வீட்டுக்காரர். உள்ளே உட்கார்ந்து பேசுவது நான். சாவுச் செய்தியும் நான்தான் சொல்ல வேண்டும். இங்கே வீடுகள் காப்பித் தோட்டத்துக்குள்ளே சரிவுக்கு ஒன்றாகக் கிடக்கும். மேகம் இறங்கி மழை பிடித்துவிட்டால் ஃபோனில் சிக்னலும் போய்விடும். ஆட்டோ போனால்தான் சேதி போகும்.

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் தனி ரகம். "உங்க குரலு கேட்டாலே என் கை தானா குடத்துக்குப் போயிருதுங்க" என்பார் ஒரு அம்மா. "என்ர சம்சாரம் கத்துனா எனக்கே ஏறாது, நீங்க சொன்னா எங்க மாடு நின்னு கேக்குதுங்க" என்றார் டீக்கடையில் ஒருத்தர். இன்னொருத்தர், நல்ல மனுசன்தான், ஒருநாள் ஆட்டோவை நிறுத்திக் கவலையோடு கேட்டார்: "ஏனுங்க, நீங்க போயிட்டா அந்தச் சேதிய யாருங்க சொல்றது?" என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் ஹேண்டில்பாரில் தலையை வைத்துக்கொண்டார்.

பாட்டுக்காரி ஆக வேண்டியவள் நான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் சேலத்தில் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் பாடிக் காட்டினேன். கேட்டவர் கண்ணை மூடிக் கேட்டார். "வாய்ஸ் நல்லா இருக்கும்மா, சொல்லி அனுப்புறோம்" என்றார். அந்தச் சொல்லுக்காக எத்தனை நாள் பஸ் வருகிற பக்கம் பார்த்திருப்பேன்! யாரும் சொல்லி அனுப்பவில்லை. பாட்டு வாத்தியார் யாரும் எனக்குக் கிடையாது. ரேடியோதான் வாத்தியார். பிறகு கல்யாணம், பிள்ளைகள், கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு. யாராவது "நீ நல்லா பாடுவியாமே" என்று கேட்டால், "வாய்ப்புக் கெடைக்கலீங்க" என்பேன். அந்தப் பதிலைச் சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருக்கும். வாய்ப்பு மட்டும் கிடைத்திருந்தால் என்று இழுத்து, மிச்சத்தைக் கேட்பவரின் கற்பனைக்கு விட்டுவிடுவேன்.

அந்தப் பதிலுக்கு ஆபத்து வந்தது, போன ஐப்பசி மழையில் வாழவந்தியில் நடந்த ஒரு கல்யாண வரவேற்பில்.

மைக் செட் எங்கள் பாயுடையது. ஏற்காட்டில் அவர் கடையில்தான் எங்கள் ஆட்டோ மைக்கைச் சரிபார்த்துக்கொண்டு கிளம்புவோம். என் ஆட்டோவுக்கு ஸ்பீக்கர் கொடுத்தவரும் அவர்தான். எங்கள் மலையில் கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. பந்தலைப் பார்த்துக் கட்டினால் போதாது. உறவுக்காரர்கள் இருக்கிற ஒவ்வொரு ஊர்ப் பக்கமும் ஒரு ஸ்பீக்கர் திருப்பி வைக்க வேண்டும். பத்திரிகை கொடுத்தாலும், "எங்க ஊருப் பக்கம் ஸ்பீக்கரத் திருப்பலீங்களே" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு கல்யாணத்துக்கு வராதவர்கள் உண்டு. அதனால் பாய், பையன் வீட்டாரையும் பெண் வீட்டாரையும் கேட்டுக் கேட்டு, சில்வர் ஓக் மரங்களில் ஏறி நாலா பக்கமும் கட்டியிருந்தார். பெண்ணின் அப்பா கீழே நின்று, "பாய், அந்தச் சரிவுல என்ர மச்சினன் ஊடு, நல்லாத் திருப்புங்க, இல்லீனா செத்தாலும் பேச மாட்டான்" என்று கத்திக்கொண்டிருந்தார்.

எல்லாம் தயார். ஆர்க்கெஸ்ட்ரா மட்டும் வரவில்லை. சேலத்திலிருந்து வருகிற வேன், மலைப் பாதையில் மரம் விழுந்து பாதியில் நின்றுவிட்டது. பந்தல் நிறையக் கூட்டம். பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் இருந்தார்கள். நாதஸ்வரக்காரர் ஊதி ஊதி ஓய்ந்து, தவில்காரரோடு காப்பி குடிக்கப் போய்விட்டார்.

பாய் நேராக என்னிடம் வந்தார்.

"வாம்மா, ஏறு."

"எங்கீங்க பாய்?"

"மேடைக்கி. வண்டி வர்ற வரைக்கும் பாடு. மைக் டெஸ்ட் பண்றப்பல்லாம் முணுமுணுக்கறியே, எனக்குக் காது இல்லைன்னு நெனச்சியா?"

எனக்கு வந்தது ஆசையா பயமா என்று சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருசமாக எந்த மைக்குக்கு ஏங்கினேனோ அது பத்தடியில் நிற்கிறது. ஏறிப் பாடினால் தெரிந்துவிடும். எனக்கு அந்தக் குரல் இருந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். பாடாமல் இருக்கிற வரைக்கும் நான் வாய்ப்புக் கிடைக்காத பெரிய பாடகி. பாடிவிட்டால்?

"ஏம்புள்ள, இன்னைக்கும் போகலீனா நாளைலருந்து என்கிட்டப் பொலம்பக் கூடாது" என்றார் என் வீட்டுக்காரர். தோளில் கை வைத்து ஒரு தள்ளு. அவ்வளவுதான், படியில் நின்றேன்.

மேடையில் ஏறியதும் மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு சந்தோஷம். எல்லா முகமும் என்னைப் பார்க்கின்றன! நான் செய்த தப்பு, பாட்டைத் தேர்ந்தெடுத்ததில். குரலைக் காட்ட வேண்டும் என்கிற ஆசையில், நல்ல மெதுவான, உருக்கமான பழைய சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்தேன். முதலில் சொல் இல்லாமல் ஒரு நீளமான ராகம். கண்ணை மூடி, மலைக்கே கேட்கிற மாதிரி, இழுத்தேன்.

மலைக்கே கேட்டது. அதுதான் வினை.

முதலில் சமையல் பந்தலிலிருந்து ஒரு குரல்: "அண்டாவெல்லாம் ரொப்புங்கடா, தண்ணி நிக்கப் போகுதாம்!" பாத்திரங்கள் உருளுகிற சத்தம். நான் விடாமல் பாடினேன். பல்லவி முடியவில்லை, மழை விட்டு சிக்னல் வந்திருந்ததால் பாயின் ஃபோன் அடித்தது. அதை வைப்பதற்குள் பெண்ணின் அப்பா ஃபோன் அடித்தது. அப்புறம் வரிசையாகக் கூட்டத்தில் எல்லாருடைய ஃபோனும். முன்வரிசையில் ஒரு பாட்டியம்மா பக்கத்தில் இருப்பவரிடம் சத்தமாகவே கேட்டார்: "யாருங்க போயிட்டாங்க? பேரு இன்னும் சொல்லலியே!"

சரணம் பாதியில் இருக்கும்போது எதிர்ச் சரிவிலிருந்து ரெண்டு பைக்கில் நாலு பேர் வந்து இறங்கினார்கள். தலையில் கட்டின துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அதில் ஒருத்தர்தான் பெண்ணின் மாமன், அந்த மச்சினன். பந்தலைப் பார்த்தார், சீரியல் லைட்டைப் பார்த்தார், மணக்கோலத்தில் உட்கார்ந்திருந்த பொண்ணைப் பார்த்தார். "என்னுங்க இது," என்றார், "கல்யாணத்தன்னைக்கேவா இப்படி ஆகணும்!"

அதே சமயம் நான் உச்சி ஸ்தாயிக்குப் போக வேண்டிய இடம் வந்தது. போனேன். குரல் ஏறவில்லை. நடுங்கி, உடைந்து, பாதியில் கீழே இறங்கிவிட்டது. அந்தக் களேபரத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன். அந்த ஒரு கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. சேலத்தில் அன்றைக்கு நான் பாடிக் காட்டியதும் இதே மாதிரி ஒரு பாட்டுத்தான். இதே மாதிரி ஒரு இடத்தில்தான் நான் சமாளித்து இறங்கினேன். அந்த மனுசர் அதைக் கேட்டிருக்கிறார். மனசு நோகக் கூடாதென்று நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை! தலைச்சுமையை இறக்கி வைத்தவள் கழுத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்ப்பாளே, அப்படி இருந்தது. அதைவிட, என் மனசு வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ச் சரிவில் எத்தனை பேர் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருப்பார்களோ? வயசானவங்க யாராவது மழை ஈரத்தில் பாதை இறங்கிவிட்டால்?

பாட்டை அப்படியே நிறுத்தினேன். மைக்கைச் சரி பண்ணிக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, என் சொந்தக் குரலில் சொன்னேன்:

"அன்பான பெரியோர்களே, தாய்மார்களே! யாரும் பயப்பட வேணாமுங்க. யாரும் எறந்து போகலீங்க. தண்ணி வருமுங்க. கரண்ட் இருக்குமுங்க. இது வாழவந்தியில நடக்கற கல்யாணமுங்க. நான் பாடுனது பாட்டுங்க!"

ஸ்பீக்கரில் போன குரல் ஒவ்வொரு சரிவிலும் பட்டு, "பாட்டுங்க... பாட்டுங்க..." என்று திரும்பி வந்தது. அது முடிகிற வரைக்கும் எல்லாரும் காத்திருந்தார்கள். அப்புறம் ஒரு சிரிப்புக் கிளம்பியது பாருங்கள்! சில்வர் ஓக் மரத்துக் காக்கையெல்லாம் பறந்துவிட்டது. மாப்பிள்ளை முதல்முறையாகப் பொண்ணைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பொண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"வந்தது வந்துட்டீங்க, துண்டத் தோள்ல போடுங்க மச்சான், சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார் பெண்ணின் அப்பா.

"நான் ஸ்பீக்கர் நம்ம பக்கம் திரும்பியிருக்கான்னு பாக்கத்தான் வந்தேன்" என்றார் மச்சினன், வெட்கத்தை மறைத்துக்கொண்டு. "நல்லாத்தான் திரும்பியிருக்கு. என்ர சம்சாரம் அங்க ஒப்பாரியே வெச்சுட்டா."

"இன்னொண்ணு எடுத்து விடும்மா, இப்ப வேகமா!" என்று பாய் கத்தினார். காப்பி டம்ளரை வைத்துவிட்டுத் தவில்காரர் ஓடி வந்தார். நான் நாற்று நடும்போது பாடுகிற துள்ளல் பாட்டு ஒன்றை எடுத்தேன். அது எங்கேயும் உச்சிக்குப் போகாது. என் குரல் சுகமாக நடக்கிற வழியிலேயே நடக்கும். தவில் சேர்ந்தது. கைதட்டல் சேர்ந்தது. மச்சினனே துண்டைச் சுழற்றி ஆட ஆரம்பித்தார். சொல் மறந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டு ஊர்களின் பெயரையெல்லாம் போட்டுப் பாடினேன். பெயர் வந்த ஊர்க்காரர்கள் விசில் அடித்தார்கள். வராத ஊர்க்காரர்கள் எழுந்து நின்று, "எங்க ஊரு! எங்க ஊரு!" என்றார்கள். எல்லாரையும் சேர்த்துக்கொண்டேன். மூச்சு வாங்க வாங்க, வியர்த்து ஊற்ற, அவ்வளவு சந்தோஷமாக நான் அதுவரை பாடியதே கிடையாது.

அந்த ஆட்டத்துக்கு நடுவில்தான் ஆர்க்கெஸ்ட்ரா வேன் வந்து நின்றது. பாட வந்த பெண்ணுக்கு என் மகள் வயசிருக்கும். வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறி, முகம் வெளுத்து, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றது. மைக்கை அதன் கையில் கொடுத்தேன்.

"நீங்களே இன்னும் ரெண்டு பாடுங்கக்கா" என்றது.

"இல்ல கண்ணு, எனக்கு நெறஞ்சிருச்சு. நீ ஒரு வாய் சுடுதண்ணி குடிச்சுட்டுப் பாடு."

வழக்கமாக ஆர்க்கெஸ்ட்ரா ஆரம்பிக்கிற நேரத்தில் நான் பந்தியில் இலை எடுக்கப் போய்விடுவேன். மேடையில் யார் பாடினாலும், அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டியது என்று வயிறு எரியும். அன்றைக்கு முதல் வரிசையில், அந்தப் பாட்டியம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெண் கண்ணை மூடி எடுத்தது. நான் தடுக்கி விழுந்த அதே உயரத்துக்கு, படி ஏறுகிற சிரமமே தெரியாமல், போய் நின்றது. நின்று, அங்கேயே கொஞ்ச நேரம் ஊஞ்சல் ஆடியது! எனக்குப் புல்லரித்துவிட்டது. இதைக் கேட்காமல் இத்தனை கல்யாணங்களில் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தேனே!

பாட்டு முடிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, மைக் இல்லாமலேயே கத்தினேன்: "ஒன்ஸ் மோர்!"

மேடையில் அந்தப் பெண் அதிர்ந்து இரண்டடி பின்னால் போனது. கீபோர்டுக்காரர் கையை எடுத்துவிட்டார். பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது:

"மெதுவா புள்ள, அடுத்த ஊருல மறுபடியும் கெளம்பிடப் போறாங்க!"

"கெளம்பட்டும்," என்றேன். "வந்து கேக்கட்டும்."