தேசிக்காய்க்கு மேலால் தள்ளிய கார்

வக்கூம் மீற்றரைக் கையில் எடுத்தாலே இப்போது எனக்கு அலுப்பாக இருக்கிறது. யாராவது கார் வாங்குவதற்கு முன் என் கராஜுக்குக் கொண்டுவந்து, "ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ" என்றால், "இரவு விட்டிட்டுப் போங்கோ, காலமை பாப்பம்" என்கிறேன். அவசரமென்று அந்தரப்படுகிறவர்களை அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறேன். உவனுக்கு வயது போகப் போக விசர் கூடுது என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். போகட்டும்.

எல்லாம் என் தங்கையின் கணவர் வாங்கிய அந்தக் கண்டறியாத காரால் வந்தது.

மச்சானுக்கு நீர்வேலியில் வாழைத் தோட்டம். குலைகளைச் சந்தைக்கு ஏற்ற ஒரு சின்ன லொறி வைத்திருந்தார். கிழட்டு லொறிதான், ஆனால் அந்த வீட்டுச் சீவியமே அதில்தான் ஓடியது. இளவயதில் டோகாவில் வேலை செய்தபோது, ரோட்டரி எஞ்சின் பூட்டிய ஜப்பான் கார் ஒன்றை மனுசன் கண்டுவிட்டார். அன்றைக்குப் பிடித்த ஆசை ஐம்பது வயது கடந்தும் விடவில்லை. கொழும்பில் அப்படி ஒரு பழைய கார் விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் லொறியை விற்கத் துணிந்துவிட்டார். தங்கை இரண்டு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடைசியில் ஒரே சொல்லில் முடித்தாள்.

"அண்ணை பாத்து ஓம் எண்டால் எனக்கும் ஓம்."

அவ்வளவுதான். லொறி நிற்பதா போவதா என்பது என் வாயில் வந்து நின்றது. எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன். சவூதியில் ஆறு வருடம் அந்த எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டியவன் நான். இந்தப் பக்கத்தில் வேறு எவன் அதைத் திறந்து பார்த்திருக்கிறான் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அந்த எஞ்சினுக்குள் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. முக்கோணமான ஓர் இரும்பு, கூட்டுக்குள் சுழலும். அதன் மூன்று முனையிலும் இருக்கும் மெல்லிய கீலங்கள்தான் காற்றைக் கசியாமல் அடைப்பவை. அவை தேய்ந்தால் எஞ்சின் முடிந்தது. திறக்காமல் கண்டுபிடிப்பதென்றால், காற்று உள்ளே போகும் குழாயில் வக்கூம் மீற்றரைக் கொளுவி, காரைச் சும்மா ஓடவிட்டு ஊசியைப் பார்க்க வேண்டும். நல்ல எஞ்சின் என்றால் உறிஞ்சல் பலமாக இருக்கும், ஊசி பதினாறு பதினேழில் அசையாமல் நிற்கும். தேய்ந்ததில் ஊசி கீழே இறங்கி நடுங்கும். ஆனால் ஐட்லிங்கை, அந்தச் சும்மா ஓடும் வேகத்தை, திருகாணியால் கூட்டி வைத்தால், தேய்ந்த எஞ்சினும் நல்ல எஞ்சின் மாதிரிக் காட்டும். ஆகவே ஐட்லிங்கை நிமிடத்துக்கு எண்ணூறு சுற்றுக்கு இறக்கித்தான் பார்க்க வேண்டும். பிறகு சூட்டோடு நிறுத்தி, சூட்டோடேயே திரும்ப ஸ்டார்ட் பண்ண வேண்டும். தேய்ந்தது காலைக் குளிரில் பிடிக்கும், சூட்டில் பிடிக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

கார்க்காரன் வெள்ளிக்கிழமை விடிய வருவதாகச் சொன்னவன், பத்து மணிக்குத்தான் தோட்டத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தான். பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன் சாவி கை மாற வேண்டும். லொறிக்கும் ஆள் பேசியாயிற்று. நான் இரண்டு நாளாக ஒரு உழவு மெசினுக்குக் கீழே கிடந்துவிட்டு வந்திருந்தேன். நாரி உளைந்து, முதுகை நிமிர்த்தி நிற்கவே ஏலவில்லை.

எஞ்சினை நிறுத்தாமலே மூடியைத் திறந்து மீற்றரைக் கொளுவினேன். பதினேழு. ஊசி அசையவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஐட்லிங் ஆயிரத்து இருநூறு.

"ஐட்லிங் கூடவெல்லோ நிக்குது?" என்று கார்க்காரனைக் கேட்டேன்.

"தூரம் ஓடி வந்த எஞ்சின் அண்ணை. கொஞ்சத்திலை இறங்கிவிடும்."

மச்சான் என் தோளைப் பிடித்தார். "கெதியாச் சொல்லும் மச்சான். இன்னும் பதினைஞ்சு நிமிசம்தான் கிடக்கு. நாளைக்குச் சனிக்கிழமை, இரும்பு வாங்கி வீட்டை கொண்டரேலாது."

திருகாணியைத் திருப்ப ஒரு நிமிடம் போதும். திருகுகோல் என் சட்டைப் பையிலேயே இருந்தது. நிறுத்திப் பார்க்க இன்னும் பத்து நிமிடம். செய்யவில்லை. போய்ப் படுத்தால் போதும் என்று இருந்தது எனக்கு. படலையடியில் தங்கை நின்றாள். அவள் காரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்," என்றேன்.

லொறி அன்றைக்கே போய்விட்டது. மறுநாள் காலை கார் ஒரு திருகிலேயே பிடித்தது. மூன்று பேருமாக மருதனார்மடம் ஆஞ்சநேயரிடம் போனோம். கோவில் வாசலில் எஞ்சினை நிறுத்தினார் மச்சான். ஐயர் மாலை போட்டு, சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, நாலு சில்லுக்கும் கீழே ஒவ்வொரு தேசிக்காய் வைத்தார். தங்கை புதுச் சீலையோடு முன்சீற்றில் இருந்தாள். மச்சான் சாவியைத் திருகினார்.

எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. துணி வைக்காத தையல் மெசின் மாதிரி, பாரமே இல்லாமல் சுற்றியது. கீலம் தேய்ந்த எஞ்சினின் சத்தம் அது, எனக்குத் தெரியும். திரும்பத் திரும்பத் திருகினார். பின்னால் பூசைக்கு நின்ற வான்காரன் ஹோர்ன் அடித்தான்.

"தேசிக்காய் நசியாமல் எடுக்கப்படாது," என்றார் ஐயர். "தள்ளுங்கோவன்."

தள்ளினேன். உளைந்த நாரியோடு நானும், வான்காரனும், வழியில் போன இரண்டு பேரும். நாலு தேசிக்காயும் நசிந்தன. பக்கக் கண்ணாடியில் தங்கையின் முகம் தெரிந்தது. நான் குனிந்துகொண்டு தள்ளினேன்.

ஒரு மணித்தியாலம் ஆறவிட்ட பிறகு பிடித்தது. நேரே என் கராஜுக்குக் கொண்டுவந்து, திருகாணியைத் திருப்பி எண்ணூறுக்கு இறக்கினேன். ஊசி பதினொன்றுக்கு விழுந்து கிடுகிடுவென்று நடுங்கியது. மச்சான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உந்தத் திருகாணி நேற்றும் உதிலைதானே மச்சான் இருந்தது?"

"ஓம்," என்றேன்.

கார்க்காரன் அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. கீலங்கள் இங்கே எங்கும் கிடையாது. கார் படங்கு மூடிக் கொட்டிலுக்குள் நிற்கிறது. குலைகள் யாரோ ஒருவனுடைய, பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில் சந்தைக்குப் போகின்றன, அவனுக்கு வசதிப்பட்ட நேரத்தில். நான் தங்கையிடம் போய், "என்னை ஏசடி, நல்லா ஏசு" என்று கேட்டும் பார்த்தேன்.

"விடுங்கோ அண்ணை. வேணுமெண்டோ செய்தனீங்கள்?" என்று தேத்தண்ணி போட்டுத் தந்தாள். ஏசியிருந்தால் அன்றைக்காவது நித்திரை வந்திருக்கும்.

போன மாதம் ஒரு நாள் மத்தியானம் கராஜ் வாசலில் இருந்தேன். நீர்வேலியில் இருந்து அச்சுவேலிக்குப் போகும் வீதி அது. அந்த லான்ட்மாஸ்ரர் வந்தது. பெட்டியில் தங்கை, பக்கத்தில் கயிற்றால் கட்டியபடி அவர்களுடைய தோட்டத்துத் தண்ணீர்ப் பம்ப். நான் எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டு படலையை அகலத் திறந்தேன்.

"சாப்பிட்டாச்சோ அண்ணை?" என்று வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்டாள்.

"இன்னும் இல்லை. பம்ப் பிடிக்குதில்லையோ?"

"ஓம். அச்சுவேலியிலை ஒராள் பாக்கிறாராம். அங்கை கொண்டுபோறம். உங்களுக்கேன் அலுப்பு." ஒரு சீப்புக் கதலிப் பழத்தை என் கையில் தந்தாள். "பசியோடை இருக்காதேங்கோ."

வண்டி போய்விட்டது. அந்தப் பம்பை அவள் கலியாணம் கட்டி வந்த வருடம் கிணற்றடியில் பூட்டிக் கொடுத்தவன் நான். அன்றிலிருந்து அதில் வேறொருவன் கை வைத்ததில்லை.