ஒரே கதைக்கு இரண்டு பெயர்

அலுவலகத்தில் எல்லோரும் அவளைத் தலைப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்த ஒலிப்பதிவாளர்கூட அப்படித்தான். வெளிநாட்டுத் தொடர்களை வாங்கி, தமிழ்க் குரல் கொடுத்து ஒளிபரப்பும் ஒரு தொலைக்காட்சியில் அவளுக்கு வேலை. வசனம் எழுத மூன்று பேர் இருந்தார்கள். தொடருக்குப் பெயர் வைப்பது மட்டும் அவள் ஒருத்தியின் பொறுப்பு.

வேலைக்குச் சேர்ந்தபோது அவள் வெறும் தட்டச்சுக்காரி. மற்றவர்கள் எழுதிக் கொடுத்த வசனங்களை அடித்துக் கொடுப்பாள். ஒரு நாள் படகோட்டி ஒருவனைப் பற்றிய தொடர் வந்தது. மூலத்தில் அந்தப் படகோட்டியின் பெயர்தான் தொடரின் பெயர். அது யார் வாயிலும் நுழையவில்லை. ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தபோது, இவள் விசைப்பலகையிலிருந்து தலையைத் தூக்காமலே, “கரை தெரியும்வரைன்னு வைக்கலாமே” என்றாள். அந்தப் பெயரையே வைத்தார்கள். அந்தத் தொடர் இரண்டு வருடம் ஓடியது. அதன்பிறகு எந்தத் தொடர் வந்தாலும் முதலில் அவள் மேசைக்குத்தான் வந்தது.

வீட்டில் இதற்குப் பெரிய மரியாதை ஒன்றும் இல்லை. கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு, கை மசி போகாமல் வீட்டுக்கு வருவார். “நாங்க கயிறு திரிச்சா லிஃப்ட் ஓடும், நீ கயிறு திரிச்சா சீரியல் ஓடும்” என்பார். நாத்தனார், அதாவது அவருடைய தங்கை, வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரம் போட்டிருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி, சொன்ன சொல்லில் நின்றவள். “எங்க தொழில்ல தலைப்புன்னா துணியோட ஓரம் அண்ணி. ஓரம் அடிக்கத் தெரிஞ்சவளுக்கு இவ்வளவு பேரா?” என்று சீண்டுவாள்.

ஆனால் தலைப்பக்கா தன் வேலையை விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை. பெயர் வைப்பதற்கு முன் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, தொடரில் பாதியையாவது பார்த்துவிடுவாள். அவளுக்கென்று சில தீர்மானங்கள் இருந்தன. தலைப்பு கதவைத் திறந்து போடக் கூடாது, ஒருக்களித்து வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரியிடம் “என்ன பாத்துக்கிட்டிருக்கே?” என்று கேட்டால் ஒரே மூச்சில் சொல்ல வர வேண்டும். திரையின் ஓரத்தில் அடங்க வேண்டும். இந்தக் கடைசிப் பாடத்தை அவள் பட்டுத்தான் கற்றாள். ‘கண்ணீரின் கடைசிக் கடிதம்’ என்று ஒரு தொடருக்குப் பெயர் வைத்திருந்தாள். நிகழ்ச்சி நிரல் ஓடும் பட்டையில் இடம் போதாமல் ‘கண்ணீரின் கடை’ என்றே ஒரு வாரம் ஓடியது. கடை எங்கே இருக்கிறது என்று கேட்டு அலுவலகத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன.

அவளுடைய மேலதிகாரிக்குச் சுருக்கம் என்று பட்டப்பெயர். யார் எதைச் சொல்ல வந்தாலும் “சுருக்கமா சொல்லுங்க” என்பார். அவளைவிடப் பத்து வயது சிறியவர், நல்ல மனிதர். அவள் வைத்த பெயரை அவர் மாற்றியதே இல்லை, அந்தச் சிவப்புக் கோட்டுக்காரியின் தொடர் வரும்வரை.

அந்தக் கதை இதுதான். மர அறுவை ஆலை வைத்திருக்கும் ஒரு பெரிய குடும்பம். மழை கொட்டும் ஒரு நாளில், சிவப்புக் கோட்டு போட்ட ஒரு பெண் வந்து கதவைத் தட்டுகிறாள். வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்கிறாள். அவள் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஆற்றில் விழுந்து இறந்துபோனதாக எல்லோரும் நம்பிய மூத்த மருமகளே அவள்தான் என்பது வெகுநாள் கழித்துத்தான் வெளியாகும். முகம் எப்படி மாறியது என்று கேட்கக் கூடாது. தொடர்களில் முகம் மாறும், அவ்வளவுதான்.

தலைப்பக்காவுக்கு அந்தக் கதை பிடித்துப்போயிற்று. அந்தப் பெண் நனைந்த கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் முதல் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ‘வாசலில் ஒருத்தி’ என்று பெயர் வைத்தாள். தான் வைத்ததிலேயே நல்ல பெயர் இதுதான் என்று கணவரிடம் சொன்னாள். வழக்கமாக அப்படிச் சொல்லிக்கொள்கிறவள் இல்லை.

மதிய நேரத்தில் ஒளிபரப்பினார்கள். தொடர் எடுபடவில்லை. சில வாரங்கள் பார்த்துவிட்டுச் சுருக்கம் அவளைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். டீ வந்ததுமே விஷயம் நல்லதாக இருக்காது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“வாசல்லயே நிக்கிறாக்கா. உள்ள வர மாட்டேங்குறா. பாக்கிறவங்களும் வாசலோட திரும்பிப் போயிடுறாங்க” என்றார்.

தொடரை நிறுத்திவிட்டு, மாலை நேரத்தில், முதலிலிருந்து, வேறு பெயரில் போடப் போவதாகச் சொன்னார். பெயரையும் அவரே வைத்திருந்தார். ‘செத்துப் பிழைத்தவள்’.

அவள் அதுவரை அவரிடம் எதிர்த்துப் பேசியதில்லை. அன்று பேசினாள். “அவ யாருங்கிறதுதானே சார் கதையே. எப்பவோ வெடிக்க வேண்டிய வெடி. நீங்க பேர்லயே கொளுத்திப் போட்டா மீதி எதுக்குப் பாப்பாங்க?”

“பாக்கலாம்க்கா” என்றார் அவர்.

பார்த்தார்கள். நிஜமாகவே எல்லோரும் பார்த்தார்கள். ‘செத்துப் பிழைத்தவள்’ இரண்டாவது வாரத்திலேயே தீப்பிடித்ததுபோல் பரவிவிட்டது. பேருந்தில் தலைப்பக்காவுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் அந்தச் சிவப்புக் கோட்டுக்காரி இன்று மாமனாரிடம் எப்படிப் பேசினாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் யார் என்பது அவர்களுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்ததைப் பற்றி அவர்களுக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அலுவலகத்தில் யாரும் அவளைக் குத்திக் காட்டவில்லை. மாறாக எல்லோரும் இரண்டு மடங்கு அன்பாக நடந்துகொண்டார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒலிப்பதிவாளர் வலிய வந்து, அது பெயரால் வந்த வெற்றி இல்லை, புதிதாகப் போட்ட இசையால் வந்தது என்று ஆறுதல் சொன்னார். விளம்பரப் பிரிவில் ஒருவர், மாலை நேரத்தில் எதைப் போட்டாலும் ஓடும் என்றார். இன்னொருவர், எதிர்ச் சேனலின் பெரிய தொடர் அதே வாரத்தில் முடிந்துபோனதுதான் காரணம் என்று அடித்துச் சொன்னார். இவற்றில் எது உண்மை என்று அவளால் பிரிக்க முடியவில்லை. நாலு காரணம் ஒரே பானையில் வெந்துவிட்டால் எந்தப் பருக்கையை எடுத்துப் பார்ப்பது? கடைசியில் சுருக்கத்திடமே போய்க் கேட்டாள்.

“எனக்கும் தெரியாதுக்கா” என்றார் அவர். “ஓடினா நல்ல பேரு, ஓடலைன்னா கெட்ட பேரு. இவ்வளவு வருஷத்துல எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

அவர் ஜம்பம் அடித்திருந்தால்கூட அவள் கோபப்பட்டுவிட்டுத் தூங்கியிருப்பாள். தெரியாது என்று சொன்னது அவள் மனத்தைக் குடைந்தது.

இந்த நிலையில்தான் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது நாத்தனார் ஒரு புகாரோடு வந்தாள். அவள் மதியத்தில் துணி தைத்தபடியே ‘வாசலில் ஒருத்தி’யைப் பார்த்த சிலரில் ஒருத்தி.

“மத்தியானம் ஒண்ணு போட்டீங்களே அண்ணி, வாசல்ல வந்து நிப்பாளே, அதை ஏன் நிறுத்திட்டீங்க? அதுக்குப் பதிலா சாயந்தரம் இதைப் போட்டிருக்கீங்க. இது ஒண்ணும் சரியில்லை.”

“ரெண்டும் ஒண்ணுதான்” என்றாள் தலைப்பக்கா.

“எப்படி ஒண்ணா இருக்கும்?”

“அதே படம், அதே வசனம். பேரையும் மியூசிக்கையும் மட்டும்தான் மாத்தினோம்.”

நாத்தனார் சிரித்தாள். தன்னை ஏமாற்றப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டாள். “மூஞ்சி ஒண்ணுதான், எனக்குத் தெரியாதா? அதே நடிகையை வெச்சு வேற எடுத்திருக்காங்க. அதுல அவ பாவம் அண்ணி. போக்கிடம் இல்லாம வந்து கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிப்பா. இவ அப்படியா? இவ அமுக்குணி. வந்த அன்னைக்கே யாரை எப்படிக் கவுக்கலாம்னு கணக்குப் போட்டுக்கிட்டு நிக்கிறா. கையைப் பிசையறதுகூட நடிப்பு.”

தலைப்பக்கா சாப்பாட்டுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கை காய்ந்துபோனது. கணவர்தான் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

அந்த வார விடுமுறையில் அலுவலகத்திலிருந்து முதல் பகுதியைக் கொண்டுவந்தாள். பெயர் வரும் இடத்தையும் இசையையும் வெட்டி எடுத்திருந்தாள். மதிய வெளிச்சம் திரையில் படாதபடி ஜன்னலை மூடிவிட்டு, நாத்தனாரைத் தையலை விட்டு எழுந்துவரச் சொன்னாள். இது எந்தத் தொடர் என்று சொன்னால் போதும் என்றாள்.

படம் ஓடியது. மழை. கதவு. சிவப்புக் கோட்டு. நாத்தனார் உடனே, “இது பழசு, பாவப்பட்டவ” என்றாள். கொஞ்ச நேரம் போனது. அந்த வீட்டு மாமியார் மேலும் கீழும் பார்த்தபோது அந்தப் பெண் லேசாக உதட்டை மடித்தாள். “இல்லை இல்லை, இது புதுசு. அந்தச் சிரிப்பைப் பாருங்க” என்றாள் நாத்தனார். அது சிரிப்பா, குளிரா? தலைப்பக்கா நிறுத்திப் பின்னால் ஓட்டினாள். மறுபடி பார்த்தார்கள். நாத்தனாருக்கு முகம் வாடிவிட்டது. தெரியவில்லை என்றாள். பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, “அப்ப நான் யாருக்காக அழுதேன்?” என்று கேட்டாள்.

கூட உட்கார்ந்து பார்த்த கணவரிடம் கேட்டார்கள். அந்தக் கதவின் கீல் துரு ஏறியிருப்பதாகவும், எண்ணெய் விடாவிட்டால் சீக்கிரம் விழுந்துவிடும் என்றும் அவர் சொன்னார். அதைத் தவிர அவர் எதையும் கவனிக்கவில்லை.

தலைப்பக்காவின் குழப்பம் அன்றோடு வேறு தினுசாகிவிட்டது. தலைப்பு என்பது கதையைச் சொல்லி ஆளைக் கூப்பிடுவது என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அது கதைக்குள்ளேயே புகுந்து ஒரு பெண்ணின் உதட்டை மாற்றும் என்று அவளுக்குத் தெரியாது. கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து தான் முதலில் பார்த்தது எந்தப் பெண்ணை? பாவப்பட்டவளாகத் தெரிந்ததால் அந்தப் பெயரை வைத்தாளா, அந்தப் பெயர் மனதில் விழுந்த பிறகு பாவப்பட்டவளாகத் தெரிந்தாளா? நினைவைக் கிளறிக் கிளறிப் பார்த்தாள். கிளறக் கிளறக் கலங்கியது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு, நல்ல தலைப்பு எது, கெட்ட தலைப்பு எது என்று ஒரு மணி நேரம் பேசும்படி சுருக்கம் அந்த மாதம் அவளைக் கேட்டுக்கொண்டார். போன வருடமும் பேசியிருக்கிறாள், மடமடவென்று. இந்த முறை எழுந்து நின்றவள், ஒருக்களித்த கதவைப் பற்றிச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டாள். பிறகு கண்ணீரின் கடையைப் பற்றிச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல், யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் அதையும் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு கைதட்டினார்கள்.

‘செத்துப் பிழைத்தவள்’ முடிகிற நாள் வந்தது. கடைசிக் காட்சியில், ஆலையும் வீடும் தன் கைக்கு வந்தபிறகு, அந்தப் பெண் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறாள். ஏன் போகிறாள் என்பதற்கு ஒரு வசனமும் இல்லை. வீட்டில் மூன்று பேரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தப் பாதகத்தி போய்த் தொலைந்தால் இவளுக்கு என்ன வந்தது என்று கணவர் கேட்டார்.

“போறது இவ இல்லைண்ணே” என்றாள் நாத்தனார். “அந்த முதல் சீரியல்காரி.”

தலைப்பக்கா திருத்தவில்லை. அவளும் முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆனால் போகிறவள் ஜெயித்துவிட்டுப் போகிறாளா, தோற்றுப்போய்ப் போகிறாளா என்று அவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். மறுநாள் அலுவலகத்துக்கு வந்த அழைப்புகளில் பாதி வாழ்த்தாகவும் பாதி வசவாகவும் இருந்தன. இரண்டு தரப்பும் ஒரே காட்சியைத்தான் சொன்னார்கள்.

அடுத்து வந்தது கால்நடை மருத்துவர் ஒருவரின் கதை. அவள் முழுவதையும் பார்த்தாள். இரண்டு பெயர்களை எழுதினாள், இரண்டில் எதையும் கோடிட்டு அடிக்க மனம் வரவில்லை. ஒரு பெயரில் அந்த மருத்துவர் தியாகியாகத் தெரிந்தார், இன்னொன்றில் வீட்டைக் கவனிக்காத மனிதராக. இரண்டையும் சுருக்கத்திடம் கொண்டுபோனாள். அவர் ஒன்றைப் படித்தார், மற்றதைப் படித்தார், மறுபடி முதலாவதைப் படித்தார். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

“உங்களுக்கு எது தோணுதுக்கா?”

“எனக்குத் தோணாததாலதான் சார் உங்ககிட்ட வந்தேன்.”

கடைசியில் மூலப் பெயரையே தமிழ் எழுத்தில் அப்படியே போட்டுவிட்டார்கள். அது அந்த மருத்துவர் இருக்கும் ஊரின் பெயர். அதற்கு என்ன பொருள் என்று இங்கே யாருக்கும் தெரியாது. பார்த்தவர்கள் ஆளுக்கொரு விதமாக அதை உச்சரித்தார்கள். நாத்தனார் ‘மாட்டு டாக்டர்’ என்று வைத்துக்கொண்டாள். தொடர் எழுந்திருக்கவும் இல்லை, படுக்கவும் இல்லை. நடுவாந்திரமாக ஓடிக்கொண்டிருந்தது. அது பெயராலா, பெயர் இல்லாததாலா என்று அலுவலகத்தில் அவ்வப்போது பேச்சு வரும். தலைப்பக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு பக்கம் பேசுவதையும் கவனமாகக் கேட்டுக்கொள்வாள்.