ஆயுத பூஜையும் நான்கு கம்ப்யூட்டர்களும்

நசரத்பேட்டை லாரி ஷெட்டை விட்டுப் பூந்தமல்லியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். ஒரு செருப்பு அறுந்துவிட்டதால் இரண்டையும் கையில் பிடித்திருந்தேன். முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை. லாரிக்கு அடியில் படுத்து கிரீஸ் அடித்தது போதும் என்று தோன்றியது, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். எட்டாம் வகுப்பிலிருந்தும் அப்படித்தான் வந்தேன். ஓரிடத்தை விட்டுக் கிளம்பினால் எனக்குக் கால் தரையில் பாவாது.

பக்கத்தில் ஒரு மொபெட் வந்து நின்றது. டீக்கடையில் பழக்கமான கேபிள் டிவிக்காரன். பின்னால் பெரிய கறுப்பு ஒயர்ச் சுருள்.

"இன்னா மாமே, செருப்ப கையில புட்ச்சிகினு எங்க போற?"

"தெரியல."

"அப்ப ஏறு. அம்பத்தூர் எஸ்டேட்ல கம்ப்யூட்டருக்கு ஒயர் இழுக்கணும். சுருளைக் கெட்டியா புட்ச்சிக்கோ."

அன்று ஆயுத பூஜை. எஸ்டேட் முழுக்க வாழைக்கன்றும் பூசணிக்காயும். நாங்கள் போனது, பட்டறைகளுக்கு டிராயிங் போட்டுத் தரும் சின்ன ஆபீஸ். ஒரு அம்மா நடத்தினார். டிராயிங் போடுபவர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்; பேச்சு மட்டும் திருநெல்வேலியை விட்டு வரவே இல்லை.

கம்ப்யூட்டர்கள் நான்கும் நான்கு விதம். மிகப் பழையதில்தான் அவர் இத்தனை வருஷம் போட்ட டிராயிங் எல்லாம் இருந்தது. அதன் டிஸ்க் சில நாட்களாகக் கல்லை மெல்லுவது போலச் சத்தம் போட்டது. அதற்குள் போகும் பிளாப்பி அகலமானது, மற்றவற்றுக்குள் நுழையாது. டிஸ்க் செத்தால் எல்லாம் போச்சு. நான்கையும் ஒரே ஒயரில் கோத்து, புது கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுத்து, அங்கிருந்து பாட்டு கேசட் போலிருக்கும் டேப்பில் ஏற்ற வேண்டும்.

"சூடம் காட்டுனதுக்கு அப்புறம் நாளைக் காலை வரைக்கும் ஆயுதத்தை யாரும் தொடக்கூடாது. அதுக்குள்ள ஓட விட்டுருங்க," என்றார் பெரியவர். அவர் கை அந்தப் பழைய பெட்டியின் தலையிலேயே இருந்தது, காய்ச்சல் பார்ப்பது போல.

நான் மேசைகளுக்கு அடியில் ஊர்ந்தேன். லாரிக்கு அடியில் கிடந்தவனுக்கு அது ராஜபாட்டை. ஒயர் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முதுகையும் தொட்டுக்கொண்டு போனது. இரண்டு கோடியிலும் விரல்நுனி அளவில் பளபளவென்று ஒரு மூடியைத் திருகினோம்.

"இதுல ஒண்ணு கழண்டுச்சு, மொத்த லைனும் படுத்துக்கும்," என்றான் கேபிள்காரன்.

பழையதிலிருந்த ஒரு டிராயிங் புதியதில் கோடு கோடாக விரிந்தபோது, பெரியவர் என் அழுக்குச் சட்டையோடு என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். காப்பி ஓடத் தொடங்கியது. திரையில் பெயர்கள் மழை போல இறங்கின. "டிவில பண்டிகைப் படம் போடப் போறான், லைன் புட்டுக்கினா ஏரியாவே என்னை மொத்தும்," என்று கேபிள்காரன் ஓடிவிட்டான்.

திரைகளுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. சூடம் காட்டினார்கள். ஒரு தட்டுப் பொரி என் கைக்கு வந்தது. அள்ளி அள்ளி வாயில் போட்டேன்.

"நாளையிலேருந்து இங்கேயே வேலைக்கு வந்துடுறீங்களா?" என்றார் அம்மா.

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். கடக்கென்று பல்லில் ஏதோ தட்டியது. எடுத்துப் பார்த்தால், சந்தனம் பூசிய அந்த மூடி.

ஓடிப்போய் மாலையை விலக்கினேன். பெயர்கள் பாதியில் நின்றிருந்தன. மறுபடி முயலவா, விட்டுவிடவா என்று திரை இங்கிலீஷில் கேட்டது.

"அம்சமா மின்னுச்சு... கழட்டி சாமி முன்னால வச்சேன்," என்றார் பெரியவர். மூடி அங்கிருந்து சரிந்து பொரிக்குள் விழுந்திருக்கிறது.

"மாட்டுங்க சார்!" என்றார் அம்மா.

"சூடம் காட்டியாச்சேம்மா! நீங்களும் தொடக்கூடாது, நானும் தொடக்கூடாது."

டிஸ்க் கல்லை மென்றது. பெரியவர் அதைப் பார்த்தார், சாமி படத்தைப் பார்த்தார், சட்டென்று என்னைப் பார்த்தார்.

"எவே, அம்மாகிட்ட சரின்னு சொல்லிட்டீரா?"

"இன்னும் இல்லீங்க."

"சொல்லாதேயும்! வாயத் தொறக்காதேயும்! இப்ப நீரு வெளியாளு, இது உம்ம ஆயுதமில்ல. போய் மாட்டும்!"

அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் மூடியைச் சட்டையில் துடைத்துத் திருகினேன். 'மறுபடி' என்பதற்கான எழுத்தை அம்மா காட்டினார், தட்டினேன். பெயர்கள் மறுபடி இறங்கின. எல்லாம் வந்து சேர்ந்ததும் டேப்பில் ஏற்றுவதற்கு அவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல, ஒரு விரலால் தட்டினேன். பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அவரு வெளியாளு, வெளியாளு," என்று சாமி படத்துக்கு விளக்கிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை பழைய கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. பெரியவர் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, புதியதில் உட்கார்ந்து தன் டிராயிங்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சொல்லலாம்," என்றார் அம்மா. "தினமும் டேப்புல ஏத்தணும். இந்த ஆபீஸே எரிஞ்சாலும் அது தப்பிக்கணும். அதனால சாயங்காலம் அதை எடுத்துக்கிட்டு வேற இடத்துக்குப் போயிடணும். காலைல கொண்டாரணும். உங்க வீடு எங்க?"

"இனிமேதான் பாக்கணும்."

"கள்ளிக்குப்பத்துல ரூம் கிடைக்கும்."

தினமும் கிளம்பிப் போவதே வேலையென்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. சரி என்றேன்.