அத்தை தொடாத கம்ப்யூட்டர்

அத்தையைக் காக்கா தொட்டுவிட்டதற்கு மறுநாள்தான் நான் முதன்முதலாகக் கம்ப்யூட்டரைத் தொட்டேன். எண்பதுகளின் கடைசி. எனக்கு எட்டு வயது இருக்கும். காக்கா தொட்டுவிட்டது என்றால் அத்தை வீட்டுக்குள் வரமாட்டாள். மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் பாயைப் போட்டுக்கொள்வாள். அவளுக்கென்று தனித் தட்டு, தனிச் சொம்பு. ஊரில் இத்தனை காக்கா இருந்தும் ஒன்றுகூட அப்பாவையோ பக்கத்து வீட்டு மாமாவையோ தொட்டதில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். கேட்டால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள் என்பதால் கேட்டதில்லை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவள், எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறி வேலைக்குப் போன முதல் பெண். திருமானூரில் சர்க்கரை ஆலைக்காரர்களின் கரும்பு ஆபீஸ் இருந்தது. யார் வயல் கரும்பை எந்த வாரம் வெட்டுவது என்கிற வரிசையை அங்கே பெரிய கிளார்க்தான் வருஷா வருஷம் எழுதிவந்தார். அவர் வீட்டுக்கு வாழைத்தார் போய்ச் சேர்ந்தவர்களின் கரும்பு முன்னால் வெட்டுப்படும். சேராதவர்களின் கரும்பு பூத்துப்போய்ச் சாறு வற்றி நிற்கும். இனிமேல் வரிசையை மிஷினே போடட்டும் என்று மானேஜர் ஒரு கம்ப்யூட்டரை வரவழைத்து, அத்தையைத் தற்காலிகமாகச் சேர்த்திருந்தார். அந்த வருஷத்து வரிசையைச் சொன்ன நாளில் போட்டுக் கொடுத்துவிட்டால் வேலை நிரந்தரம் என்று பேச்சு.

அப்பாவிடம் வேறொரு பேச்சு இருந்தது. வேலை நிரந்தரமாகாவிட்டால், தை பிறந்ததும் உடையார்பாளையத்துப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் ஒருவருக்கு அத்தையைக் கட்டிக்கொடுத்துவிடுவது. அவருக்கு முதல் மனைவி இறந்து, பள்ளிக்கூடம் போகிற பையன் இருந்தான். அத்தை அழுது பார்த்தாள். அழுகைக்கு அசைகிற ஆள் இல்லை அப்பா.

இந்த நேரம் பார்த்துத் தம்பிக்கு அம்மை போட்டது. இரண்டு வயதுப் பிள்ளை, கண்ணுக்குள்ளும் முத்து கண்டு இமை ஒட்டிப்போய், வேப்பிலை மேல் கிடந்தான். கண் போய்விடும் என்று பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே நின்று பேசிக்கொண்டார்கள். வீட்டில் ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று தாளிப்பு இல்லை, சத்தம் இல்லை. அம்மா அவன் பக்கத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அம்மை கண்ட வீட்டுப் பிள்ளை என்று என்னையும் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இத்தனைக்கும் நடுவில், வரிசை போடவேண்டிய நாளுக்கு முதல் நாள், காக்கா வந்து அத்தையைத் தொட்டது.

மறுநாள் காலையில் அம்மா நடையிலும் அத்தை வாசலின் கோடியிலுமாக நின்று பேசினார்கள்.

“ஒரு நாளு போவாட்டி என்னா கெட்டுப்போவுது?”

“இன்னிக்கிப் போவலன்னா அப்பறம் எப்பவும் போவ முடியாது அண்ணி.”

“அந்த மிசினு மேல மாரியாத்தா படத்த வச்சு, தெனம் பூப் போடுறாங்கன்னு நீதான சொன்ன? வூட்ல புள்ள கெடக்குற கெடயில நீ போயி அதுல கைய வைப்பியா?”

அம்மாவுக்கும் அத்தையை நிறுத்த மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். முந்திரித் தோப்புச் சம்பந்தம் அம்மாவுக்கும் பிடிக்காது.

“சரி, போ. அதத் தொடமாட்டேன்னு எம்புள்ள மேல சத்தியம் பண்ணிட்டுப் போ.”

“சத்தியமா தொடமாட்டேன் அண்ணி. பாப்பாவ எங்கூட அனுப்புங்க, அவ தட்டட்டும்.”

இப்படித்தான் நான் ஆபரேட்டர் ஆனேன்.

ஆபீசில் கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். மேஜை விசிறி மனிதர்களைப் பார்க்காமல் மிஷினைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது. மிஷினின் தலையில் ஆத்தா படம், நெற்றியில் குங்குமம், பக்கத்தில் ஊதுபத்தி. எல்லாம் பெரிய கிளார்க்கின் கைங்கரியம். தன் பிழைப்பில் மண்ணைப் போட வந்த மிஷினுக்கே அவர் பூப் போட்டார் என்றால் அவருடைய பக்தியைச் சந்தேகிக்க முடியாது.

மற்றவர்கள் வருவதற்கு முன்னால் அத்தை என்னை நாற்காலியில் உட்காரவைத்தாள். தான் ஓரடி தள்ளி நின்று, விரலை நீட்டி ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினாள். நான் தட்டினேன். கடைசியாக வலது பக்கம் இருந்த பெரிய கீயைத் தட்டியதும் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் பெயர்கள் புறப்பட்டன. ஊர் ஊராக, அப்பன் பெயரும் மகன் பெயருமாக அவை மேலே ஏறி ஏறி மறைந்தன. அத்தை சிரித்தாள். அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் சிரித்து நான் பார்த்திருக்கவில்லை.

“சாயங்காலம் வரைக்கும் ஓடும். நடுவுல அணைச்சிட்டா எல்லாம் போச்சு, திரும்ப மொதல்லேருந்து வரணும். நீ ஸ்டூல்ல போயி உக்காந்துக்க.”

மதியம் பெரிய கிளார்க் வந்தார். வழக்கம்போலத் தோள் துண்டால் மிஷினைத் தலையிலிருந்து கீபோர்டு வரைக்கும் துடைத்து, புதுப் பூ வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். நாங்கள் வெளியே போய்த் தயிர்சோறு சாப்பிட்டுவிட்டு வந்தோம். வந்து பார்த்தால் திரை நின்றிருந்தது. யாரோ ஒரு விவசாயியின் பெயர் பாதி எழுதியபடி நின்றது.

முதலில் அத்தை பயப்படவில்லை. கணக்கு பெரிசு, உள்ளுக்குள்ளே வேலை நடக்கும், கொஞ்சம் பொறுத்தால் தானாக வரும் என்றாள். பொறுத்தோம். வரவில்லை. குனிந்து பெட்டியின் முகத்தைப் பார்த்தாள். வேலை நடந்தால் மினுக்கவேண்டிய சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனாள். உள்ளே காற்றாடி மட்டும் ஓடியது, கரகரவென்கிற சத்தம் இல்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “செத்துப் போவல, எதுக்கோ காத்துக்கிட்டு நிக்கிது. ஏதாச்சும் ஒரு கீயத் தட்டுனா தெரிஞ்சிடும். வா பாப்பா” என்றாள். நான் ஸ்டூலிலிருந்து இறங்கியதும் மானேஜரும் பெரிய கிளார்க்கும் உள்ளே வந்ததும் சரியாக இருந்தது. வரிசை கேட்டு வந்திருந்த விவசாயிகள் அவர்களுக்குப் பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

“என்னம்மா, நின்னுபோச்சா?” என்றார் மானேஜர்.

“இல்லைங்க சார். ஒரு கீயத் தட்டுனா ஓடிடும்னு நெனைக்கிறேன். பாப்பா, தட்டு.”

“சின்னப் புள்ளய வுட்டு வெளயாடுறியா?” என்று பெரிய கிளார்க் என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று அவரே சுவிட்சுப் பக்கம் போனார். அத்தை குறுக்கே போய் நின்றாள். “வேண்டாங்க, அணைச்சா எல்லாம் போயிடும்” என்று கத்தியே விட்டாள். அவள் ஆம்பளைகளிடம் குரலை உயர்த்தி அன்றுதான் கேட்டேன்.

“அப்ப நீயே தட்டும்மா” என்றார் மானேஜர்.

அத்தை இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

“நீங்க ஒரு தடவ தட்டிப் பாருங்க சார். எந்தக் கீயா இருந்தாலும் பரவால்லைங்க.”

“நானா? நான் தொட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது? ஒன்ன எதுக்கு வச்சிருக்கேன்?”

வாசலில் யாரோ சிரித்தார்கள். அத்தை படத்தைப் பார்த்தாள், கீபோர்டைப் பார்த்தாள். முந்தானைக்குள் அவள் கை அசைந்தது எனக்குத் தெரிந்தது. தட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். காரணத்தைச் சொல்லலாம் என்றால், அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் எந்த வாயால் சொல்வாள்?

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லும்மா. எதுக்கு ஆபீஸ் நேரத்தப் போக்குற?” என்றார் மானேஜர்.

“தெரியலைங்க சார்” என்றாள் அத்தை.

மானேஜர் திருச்சிக்குப் போன் போட்டார். கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்த இளைஞர் பொழுது சாய்கிற நேரத்துக்கு பஸ்ஸில் வந்து இறங்கினார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே ஒரு விரலால் ஒரு கீயைத் தட்டினார். பாதியில் நின்ற பெயர் முழுசாகி, அடுத்தடுத்த பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

“யாரோ தொடைக்கும்போது நிறுத்துற கீ அமுங்கிருக்கு. வேற எதத் தட்டிருந்தாலும் ஓடிருக்குமே சார்” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய கிளார்க்கும் சிரித்தார். மிஷினின் மேல் குற்றம் இல்லை என்று தெரிந்துபோனதால் மிஷின் தங்கியது. ஒரு கீயைத் தட்டத் தெரியாதவள் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மானேஜர் சொல்லிவிட்டார். தை மாதம் அத்தைக்குக் கல்யாணம் நடந்தது. தம்பி அந்த வாரமே கண்ணைத் திறந்தான். முத்து வாடினால் தானாகத் திறக்கிற கண்தான் அது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஒனக்கு நெசமாவே தெரியாதா அத்தே? எங்கிட்ட சொன்னியே” என்று கேட்டேன்.

“தம்பி இன்னிக்கிக் கஞ்சி குடிச்சிருப்பானா பாப்பா?” என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை நேராகச் சாய்ப்புக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டாள். நான் வாசலில் நின்று, நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் அம்மாவிடம் கொட்டினேன். கிளார்க் கையைப் பிடித்து இழுத்ததையும், எல்லாரும் சிரித்ததையும், ஒரே ஒரு கீதான் என்பதையும் சொன்னேன். அம்மா நடையில் நின்றபடியே கேட்டாள். பிறகு என்னைத் தாண்டி, சாய்ப்பைப் பார்த்துக் கேட்டாள்.

“நீ தொடலியா?”

“தொடல அண்ணி.”

“வேல போச்சா?”

அத்தை ஆமென்று தலையை ஆட்டினாள்.

அம்மா வாசலில் இறங்கினாள். மாட்டுக் கொட்டகையைத் தாண்டிப் போய், அத்தைக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள். அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். உள்ளே தம்பி அம்மா அம்மா என்று சிணுங்கிக்கொண்டிருந்தான். அத்தையைத் தொட்டுவிட்டாளே, இனிமேல் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் அவனிடம் எப்படிப் போவாள், இதுகூடவா அம்மாவுக்கு மறந்துபோகும் என்று அம்மாவின் மேல் எனக்கு எரிச்சலாக வந்தது.