ஜெர்மன் மொழியில் எனக்குப் பிள்ளை இல்லை

இரண்டாவது முறையும் ஜெர்மன் பேச்சுத் தேர்வில்தான் தோற்றேன். எழுத்து, வாசிப்பு, கேட்டல் மூன்றிலும் தேறியிருந்தேன். வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மட்டும் கவிழ்ந்துவிட்டேன். முடிவு வந்தபோது நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் மருந்து அறையில் நின்றுகொண்டிருந்தேன். போனைப் பையில் போட்டுவிட்டு வார்டுக்குப் போய் ஒரு பெரியவருக்கு ஊசி போட்டேன். வலிக்கவே இல்லை என்றார். கை நன்றாகத்தான் வேலை செய்கிறது, நாக்குதான் உதவாக்கரை.

சாயங்காலம் ஏஜென்சிக்காரர் கூப்பிட்டார். "சிஸ்டர், அந்த ஜெர்மனி ஆஸ்பத்திரி இன்னும் ஒரு தடவதான் காத்திருக்கும். இதுலயும் போச்சுன்னா வேற ஆள எடுத்துருவாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

எனக்கு வயது முப்பத்து நான்கு. வீட்டுக்காரர் கொட்டாரத்தில் டெம்போ ஓட்டுகிறார். முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பாரம் தூக்காத டெம்போக்காரரை யார் கூப்பிடுவார்கள்? ஒரே மகள், ஐந்து வயது. நான் முதலில் போவது, இரண்டு வருடத்தில் இருவரையும் அங்கே கூட்டிக்கொள்வது. இதுதான் திட்டம். இதைத் தவிர எங்களிடம் வேறு திட்டமே கிடையாது.

எங்கள் பக்கத்தில் நர்சிங் படித்த பெண் என்று தெரிந்தால் போதும், அடுத்த கேள்வி "ஜெர்மன் படிக்கியா?" என்பதுதான். தையல் படிக்கியா என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்பார்கள். நாகர்கோவிலில் ஒரு செருப்புக் கடை மாடியில் எங்கள் வகுப்பு. எல்லாம் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுப் பெண்கள். சொல்லிக்கொடுத்தவருக்கும் என்னைவிட எட்டு வயது குறைவு. நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். அந்தப் பெண்களுக்கு மிஸ் ஒரு தடவை சொன்னால் ஏறிவிடும். எனக்கு வீடு திரும்பும் வழியில் சுசீந்திரம் தாண்டுவதற்குள் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய்விடும்.

நான் செய்யாத வித்தை இல்லை. ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தேன். பிரிட்ஜ், கதவு, அரிசிப் பானை என்று கண்ணில் பட்டதிலெல்லாம் சீட்டு ஒட்டினேன். வீட்டுக்காரர், "எனக்கும் ஒண்ணு ஒட்டுட்டி, நானும் சும்மாதானே கெடக்கேன்" என்றார். சிரித்தேன், பிறகு அடுக்களைக்குள் போய் அழுதேன். பேசியதைப் போனில் பதிந்து மிஸ்ஸுக்கு அனுப்பினால், "அக்கா, நீங்க எல்லாத்தையும் இழுத்து மேல கொண்டு போறீங்க, கேள்வி கேக்குற மாதிரியே இருக்கு" என்று பதில் வரும். நம் ஊர்ப் பேச்சின் ராகம் அது. பிறந்ததிலிருந்து கூட வருவதை எங்கே கழற்றி வைப்பது?

இரண்டாவது தடவை நான் விழுந்தது மகள் விஷயத்தில். பேச்சுத் தேர்வில் நம்மைப் போலவே தேர்வுக்கு வந்த இன்னொருவரை எதிரே உட்கார வைப்பார்கள். ஒருவரை ஒருவர் விசாரிக்க வேண்டும். தேர்வாளர்கள் இருவர் பக்கத்தில் இருந்து மார்க் போடுவார்கள். குழந்தை உண்டா என்று எதிரே இருந்த பெண் கேட்டாள். உண்டு, ஒரு மகள் என்றேன். நீங்கள் ஜெர்மனி போய்விட்டால் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றாள். கேட்க வேண்டுமே என்று கேட்ட கேள்வி அது. அதற்கு எனக்குத் தமிழிலேயே பதில் கிடையாது. "என் மகள்..." என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் "என் மகள்..." என்றேன். மூன்றாம் தடவை சொல்லும்போது கண்ணீர் கொட்டிவிட்டது. தேர்வாளர் அம்மா டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். அப்போதே தெரிந்துவிட்டது.

மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். "அக்கா, இனி பிள்ளை இல்லன்னு சொல்லுங்க. அது பரீட்சைதானே. உண்டுன்னு சொன்னா அடுத்த கேள்வி வரும், இல்லன்னா அதோட முடிஞ்சுரும்" என்றார்.

வகுப்பில் எல்லாப் பெண்களும் மனப்பாடம் செய்யும் அறிமுகத்தையே எனக்கும் தந்தார். அதில் நான் கல்யாணம் ஆகாதவள், அப்பா அம்மாவோடு இருக்கிறேன், ஓய்வு நேரத்தில் நீச்சல் அடிக்கிறேன். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான் முட்டளவுத் தண்ணீருக்கு மேல் இறங்கியதில்லை. நடுவில் ஒரு வரி: இஹ் ஹாபெ கைனெ கிண்டர். எனக்குப் பிள்ளைகள் இல்லை.

முதல் நாள் அந்த வரி வந்ததும் நாக்கு நின்றது. மிஸ் மேல் எரிச்சல் வந்தது, இன்னும் கண்ணால் காணாத ஜெர்மனி மேல் எரிச்சல் வந்தது. ஆனால் மனப்பாடம் நமக்குப் பழகிய வேலை. புரியாத கட்டுரையை எல்லாம் முழுதாக ஒப்பித்துத்தானே பத்தாம் வகுப்பு தாண்டினோம். பகல் டியூட்டி இல்லாத நாட்களில் மூன்று மணிக்கு நோட்டோடு உட்கார்ந்து சத்தமாக ஒப்பிப்பேன். மகளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் படுத்துப் படம் வரைவாள். தண்ணீர் வேண்டும் என்பாள், தலை பின்னிவிடு என்பாள். நடுவில் நிறுத்தினால் நான் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் நிறுத்தாமலேயே உள்ளங்கையைக் காட்டுவேன். ஒரு நாள், "மிண்டாம இரி பிள்ளே!" என்று அவளைப் பேச விடாமல் கத்தியும் விட்டேன். பிறகு அவள் எதுவும் கேட்பதில்லை. அடங்கிவிட்டாள், நல்லது என்றுதான் நினைத்தேன். அதை இப்போது எழுதும்போது என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

மூன்றாவது தேர்வும் திருவனந்தபுரத்தில்தான். எதிரே கொல்லத்திலிருந்து வந்த ஒரு பெண். அவளும் தன் பாடத்தை ஒப்பிக்க வந்தவள்தான். உங்களுக்குக் குழந்தைகள் உண்டா என்று கேட்டாள். நான் சிரித்த முகத்தோடு அந்த வரியைச் சொன்னேன். ஒரு தடங்கல் இல்லை. ராகம்கூட மேலே போகாமல் கடைசியில் ஒழுங்காக இறங்கியது. அவள் தலையாட்டிவிட்டு என் பொழுதுபோக்கைக் கேட்டாள், நான் நீச்சல் என்றேன். நெஞ்சு பதறும் என்று பயந்திருந்தேன். பதறவில்லை. தேறிவிடுவேன் என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது. பெற்றவளுக்கு இப்படியும் இருக்க முடியுமா என்று திரும்பி வரும் ரயிலில்தான் தோன்றியது.

தேறிவிட்டேன். முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் ஒரு கிலோ லட்டும் ஏத்தங்காய் சிப்ஸும் வாங்கி வந்தார். அவருடைய அக்காவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் நிமிர்ந்து நடப்பதைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா, "எங்க, ஜெர்மன்ல ரெண்டு வார்த்த பேசு, கேப்போம்" என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"நான் பேசுகேன்" என்றாள் மகள்.

நாற்காலியில் ஏறிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வணக்கம் சொன்னாள். என் பெயரைத் தன் பெயராகச் சொன்னாள். அப்பா அம்மாவோடு இருக்கிறேன் என்றாள். நான் எழுந்து போய்த் தடுத்திருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன். "இஹ் ஹாபெ கைனெ கிண்டர்" என்றாள், திக்காமல் திணறாமல், அப்படியே என் குரலில். நீச்சலையும் சொல்லி முடித்துக் குனிந்து கும்பிட்டாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்காரரின் அக்கா அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தார். "அம்மைக்கு மூணு தடவ வேண்டி வந்துது, இவளுக்கு ஒண்ணு போரும்" என்று சிரித்தார். வீட்டுக்காரர் போனை எடுத்தார். "ஒரு தடவ கூடச் சொல்லு மக்ளே, வீடியோ எடுக்கேன்."

அவள் முதலிலிருந்து சொன்னாள். அந்த வரி மறுபடியும் வந்தது. அதன் பொருள் தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். யாரிடமும் சொல்லவும் முடியாது. இந்தச் சந்தோஷத்தில் எதைச் சொல்வது? இத்தனை பாடுபட்டுப் படித்த மொழி எனக்கு இப்படியா வந்து சேர வேண்டும் என்று உள்ளுக்குள் கதறினேன்.

முடித்ததும் நாற்காலியிலிருந்து குதித்து நேராக என் மடிக்கு வந்தாள். இப்போது நான் கையைக் காட்ட மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"செரியாச் சொன்னனாம்மா?"

"ஒரு பிழையும் இல்ல மக்ளே" என்றேன்.