சூளைக்குள் எடுத்த பேட்டி

என் நண்பன் வளைகுடாவில் இறந்து, அங்கேயே அடக்கமும் ஆன பிறகு, அவன் மனைவி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டு ஆள் அனுப்பினாள். முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை, குரலையாவது கேட்க வேண்டும் என்றாள். அந்தக் குரல் என் கம்ப்யூட்டரில் இருந்தது. இருக்கிறது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான்தான்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்து விற்கிறவனுக்கு ஆன்லைன் பேட்டி எதற்கு என்று கேட்பீர்கள். என் மனைவி அதை இன்னும் மரியாதைக் குறைவாகக் கேட்டாள். பிராட்பேண்ட் வந்த புதிது. ஊரைவிட்டுப் போனவர்களைக் கம்ப்யூட்டர் வழியாகப் பிடித்துப் பேசவைத்து, பதிவுசெய்து, இணையத்தில் நான் தொடங்கியிருந்த பக்கத்தில் போடுவது என்று கிளம்பிவிட்டேன். அந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் நானும், பேட்டி கொடுத்தவரும், சில சமயம் அவருடைய மாமியாரும்.

முதல் பேட்டியில் பதிவுப் பொத்தானை அழுத்த மறந்தேன். அடுத்ததில் அழுத்தினேன், கரண்ட் போனது. இன்னொன்றில் எதிர்முனைக்காரர் தன் அப்பாவைப் பற்றிப் பேசும்போது சட்டென்று நிறுத்திவிட்டார். அழுகிறார் என்று நினைத்து, "பரவால்லங்க, மனசு வுட்டு அழுதுடுங்க" என்று வெகுநேரம் ஆறுதல் சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, லைன் அறுந்துபோய் அவர் எழுந்து சாப்பிடப் போயிருந்தார். எனக்குப் பதற்றம் வந்தால் கை முன்னால் ஓடும், மூளை பின்னாலேயே நடந்து வரும். கண்ணில் பட்ட வயரையெல்லாம் பிடுங்கிச் செருகுவேன். ஒரு முறை மின்விசிறியைப் பிடுங்கிவிட்டு, சத்தம் தெளிவாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

உண்மையான எதிரி பக்கத்துக் கம்பெனி. அங்கே கல்லும் களிமண்ணும் அரைக்கிற உருளை மில் நாளெல்லாம் கடகடவென்று சுற்றும். என் பேட்டியைக் கேட்ட ஒருத்தர், "லாரில போய்க்கினே எடுத்தீங்களா?" என்றார். அந்த ரோஷத்தில்தான் எனக்கு அந்த யோசனை பிறந்தது. பொம்மை சுடுகிற சூளைக்குச் சுவர் கனமான தீச்செங்கல். ஒரு சுமை வெந்து இறக்கி, அடுத்த சுமை ஏற்றும்வரை காலியாக ஆறிக் கிடக்கும். கதவைச் சாத்தினால் மில் சத்தம் எட்டாது. பொம்மைகளை அடுக்கி உள்ளே தள்ளுகிற வண்டியில் கம்ப்யூட்டரை ஏற்றினேன். வயர்களைக் கதவிடுக்கு வழியாக உள்ளே இழுத்து, எதிரொலிக்காமல் இருக்கப் பெட்டி கட்டுகிற வைக்கோலைச் சுற்றிலும் அடைத்தேன். தனி மைக் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

"கதவ சாத்திட்டு பத்த வச்சிரட்டுமா மொதலாளி?" என்றார் சூளைக்காரர்.

பொம்மைக்கு வண்ணம் அடிக்கிற அக்கா வேலையை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தது. "வெந்து வெளிய வந்தா இதுக்கு என்னா கலரு அடிக்கறது? இருக்கற கருப்பே போதுமா?"

அன்று வெள்ளிக்கிழமை. பேட்டி வளைகுடாவில் இருந்த அந்த நண்பனோடு; அங்கே அவனுக்கு லீவு நாள். ஜும்மா தொழுகை முடிந்து அறைக்கு வந்து உட்கார்ந்திருந்தான். என் கம்பெனியில்தான் ஒரு காலத்தில் பொம்மைக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். விசா கிடைத்ததும் போனவன். எடுத்த எடுப்பில் குறை சொன்னான்.

"டேய் மாப்ள, நான் பேசறது எனக்கே திரும்பி வருதுடா. பைத்தியம் புடிக்குது."

என் ஸ்பீக்கரிலிருந்து வருகிற அவன் குரல் மைக்குக்குள் புகுந்து அவனுக்கே போகிறது என்று கண்டுபிடித்தேன். ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, புதிதாக வாங்கிய ஹெட்போனை மாட்டினேன். பிரச்சினை தீர்ந்தது. அப்புறம்தான் பதிவுப் பொத்தானை அழுத்தி, வணக்கத்திலிருந்து பேட்டியைத் தொடங்கினேன். வாழ்க்கையில் முதன்முறையாகப் பதறாமல் ஒரு கோளாறைச் சரிசெய்தேன். திரையில் பச்சைக் கோடுகள் குதித்துக் குதித்து ஓடியதையும் பார்த்துக்கொண்டேன். பதிவாகிறது, சந்தேகமே இல்லை.

அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. முடிக்கும்போது, "இப்ப போட்டுடாத. லீவுல வரேன், ரெண்டு பேரும் ஒக்காந்து கேட்டுட்டு அப்பறம் போடு" என்றான். அதனால் திறக்காமல் பத்திரமாக வைத்திருந்தேன். லீவுக்கு முன்னால் ஒரு காலையில், அவன் அறையில் படுத்தவன் படுத்தபடியே கிடந்தான் என்று போன் வந்தது. நெஞ்சுவலி என்றார்கள்.

அவன் மனைவி இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கிற காலம் அது. அதனால் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். முன்னறையில் நானும் அவளுடைய தம்பியும். உள்ளறை வாசலில் திரை. திரைக்குப் பின்னால் அவள்.

"வாங்கண்ணே" என்ற குரல் மட்டும் வந்தது.

பதிவை ஓடவிட்டேன். என் குரல் வீடு அதிர வந்தது. "வணக்கம் பாய்! சூளைக்குள்ளேருந்து பேசறேன்! எப்பிடி இருக்கற?"

பிறகு ஒன்றுமில்லை. பொட்டுச் சத்தமில்லை. அப்புறம் நான் கெக்கெக்கெ என்று சிரித்தேன். மறுபடியும் ஒன்றுமில்லை. "ஐயையோ, அப்பறம்?" என்றேன். மறுபடியும்.

என் கை ஓட ஆரம்பித்தது. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன், செருகினேன். இடது ஸ்பீக்கரை வலது பக்கம் வைத்தேன். அதனால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். ஒலியைக் கூட்டினேன், என் சிரிப்புதான் இன்னும் பெரிதாக வந்தது. "சூடு ஏறியிருக்கும், கொஞ்சம் ஆறட்டும்" என்று அந்தப் பையனிடம் உளறினேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான், நடந்து வந்துகொண்டிருந்த மூளை வந்து சேர்ந்தது. மைக் எதைக் கேட்டதோ அதைத்தான் கம்ப்யூட்டர் பதிந்திருக்கிறது. முந்தைய பேட்டிகளில் ஸ்பீக்கர் இருந்ததால் எதிராளியின் குரலும் மைக்கில் விழுந்தது. ஹெட்போன் மாட்டிய நிமிடத்திலிருந்து அவன் குரல் என் காதோடு நின்றுவிட்டது. குதித்த பச்சைக் கோடுகள் எல்லாம் நான்.

"தங்கச்சி, இது வந்து..." என்று எழுந்தேன்.

"நிறுத்தாதீங்கண்ணே. ஓடட்டும்."

ஓடியது. என் கேள்வி, மௌனம், என் சிரிப்பு, மௌனம். ஒரு இடத்தில் நான், "வூட்டு நெனப்புல மொதல்ல வர்றது என்னாடா?" என்று கேட்டேன்.

"இதுக்கு என்னாண்ணே சொன்னாரு?"

நல்லவேளை, அது ஞாபகம் இருந்தது. "நீ போடற டீதான்னான். பாதி நாளு சக்கரை போட மறந்துடுவா, அதையும் குடிச்சிட்டு நல்லாருக்குதுன்னு சொல்லணும்னான்."

திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "மறக்கலண்ணே. அவருக்கு சுகர் இருந்துது. யார்கிட்டயும் மூச்சு வுடாத, தெரிஞ்சா திரும்ப விசா குடுக்க மாட்டாங்கன்னுட்டாரு."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் அது அப்போதுதான் தெரியும் போலிருக்கிறது.

அடுத்த மௌனத்துக்கும் கேட்டாள். அதற்கடுத்ததற்கும். சிலது தெரிந்தது. பலது தெரியவில்லை. இந்த ஊரில் யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுகிறவன் நான். அவன் மாதிரி பேசி அவனையே சிரிக்கவைத்திருக்கிறேன். எந்த மௌனத்திலும் எதை வேண்டுமானாலும் இட்டு நிரப்பியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள். வாய் வரவில்லை. "அது ஞாபகம் இல்ல தங்கச்சி, சிரிச்சது மட்டும்தான் ஞாபகம் இருக்குது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முடியப்போகிற நேரம். "இருடா, வேக்குது, மூஞ்ச தொடச்சிக்கறேன்" என்று என் குரல் வந்தது. மைக் பக்கத்தில் எதையோ வைக்கிற சத்தம். ஹெட்போனைக் கழற்றி வைத்திருக்கிறேன். பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி, மெலிசாக:

"ஹலோ... மாப்ள... கேக்குதா? நான் பேசறது கேக்குதா?"

அது முடிந்ததும் முடியாததுமாக என் குரல் அதன் வாலை மிதித்தது. "கேக்குது, கேக்குது, கத்தாத!"

திரை அசைந்தது. அவள் வெளியே வரவில்லை. துணியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன.

"இன்னொரு தபா வைங்கண்ணே."

வைத்தேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் வைத்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் அவன் பேசினான், ஒவ்வொரு முறையும் நான் குறுக்கே விழுந்தேன்.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. ஒங்க கொரல மட்டும் எடுத்துட முடியுமா?"

"முடியும் தங்கச்சி." அது ஒன்றுதான் எனக்குச் சரியாகச் செய்யத் தெரிந்த வேலை. வணக்கத்திலிருந்து சிரிப்புகள்வரை என்னை முழுசாக வெட்டி எறிந்தேன். இடையில் இருந்த மௌனங்களும் என்னோடு போயின. மிச்சமிருந்ததை அவளுடைய செல்போனில் ஏற்றி, தம்பி கையில் கொடுத்தேன். அவன் திரைக்குள் நீட்டினான்.

நான் வயர்களைச் சுருட்டினேன். தம்பி மானிட்டரைத் தூக்கி ஆட்டோவில் வைத்தான். "டீ குடிச்சிட்டு போங்கண்ணே" என்றான். வேண்டாம் என்று தலையாட்டினேன். டிரைவர் வண்டியைக் கிளப்பப் போனார். கொஞ்சம் இருக்கச் சொல்லி அவர் தோளைத் தொட்டேன். உள்ளறை ஜன்னல் தெருப்பக்கம் திறந்திருந்தது.

"நான் பேசறது கேக்குதா?"

"ம். கேக்குதுங்க."

"நான் பேசறது கேக்குதா?"

"கேக்குது. சொல்லுங்க."